துணையின் இன்னொரு காதலைக் கண்டு மகிழ முடியுமா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் இணையர் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றி மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எது?" என்றார். நீலத்தைக் காட்டினேன். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவர் கிளம்பியது தன் இன்னொரு காதலைப் பார்க்க. அது தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. கதவு சாத்தியதும் அடிவயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. சட்டை எடுப்பாக இருந்தது என்ற திருப்தியும் கூடவே இருந்தது. இரண்டில் எது உண்மை என்று இரவு முழுக்கக் குழம்பினேன். இரண்டுமே உண்மைதான் என்று தெரிய ஒரு வருஷம் பிடித்தது.

அந்த ஒரு வருஷத்தில் கொஞ்சத்தையாவது உங்களுக்கு மிச்சப்படுத்தலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். துணைக்கு வேறொருவரிடம் கிடைக்கும் காதலைப் பார்த்து நமக்கு வரும் மகிழ்ச்சியை, எல்லோர் சம்மதத்தோடும் ஒருவருக்கு மேற்பட்டவரைக் காதலிக்கும் பாலியமரி வட்டாரத்தில் 'கம்பெர்ஷன்' என்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1971 முதல் 1991 வரை கூட்டாக வாழ்ந்த கெரிஸ்டா என்ற குழுவினரிடமிருந்து வந்த சொல் இது. நமக்கு இதைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு: முதிதை. பிறர் இன்பம் கண்டு இன்புறுதல். பௌத்தம் சொல்லும் நான்கு மனநிலைகளில் மைத்திரி (எல்லோரிடமும் நட்பு), கருணைக்கு அடுத்தது அது, நான்காவது உபேட்சை (சமநிலை). மணிமேகலையின் கடைசிக் காதையில் மனத்தின் செற்றத்தை, அதாவது பகையை, அறுக்க மைத்திரியையும் கருணையையும் முதிதையையும்தான் சொல்கிறார்கள். துறவிகள் சொன்னதை நான் காதல் விவகாரத்துக்கு இழுத்துவருகிறேன். பொறுத்துக்கொள்ளட்டும்.

எதிர்ப்பக்கத்துச் சொல்லையும் கவனியுங்கள். பொறாமை என்றால் பொறுக்க மாட்டாமை. 'பொறு' என்ற வேரிலிருந்து வந்தது. எதைப் பொறுக்க முடியவில்லை என்று அந்தச் சொல் சொல்லாது, நாம்தான் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி அந்த ஒரு கேள்விதான்.

தொடங்குமுன்: இது உங்களுக்கானதுதானா?

சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் மனதார ஒப்புக்கொண்டு, ஒருவருக்கு மேற்பட்டவரைக் காதலிப்பதுதான் பாலியமரி. உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. பிறகு கையும் களவுமாகப் பிடிபட்டு, "இனிமே இப்படித்தான், பழகிக்கோ" என்று சொன்னாலும் அது ஏமாற்றுதான். ஊருக்குப் பயந்தோ, கையில் காசில்லாமலோ, பிள்ளைகளை நினைத்தோ நீங்கள் தலையாட்டியிருந்தால் அதையும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் மட்டும் எங்கும் போகலாம், மற்றவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஆதிகாலம் தொட்டு இருக்கிறது. அதற்குப் புதுப்பெயர் சூட்ட வேண்டியதில்லை.

உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? "கொஞ்சம் மெதுவாகப் போகலாமா" என்றால் உட்கார்ந்து பேசுவாரா? அதே சுதந்திரம் எனக்கும் உண்டா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் இங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பேசப் போங்கள். மகிழ்ச்சியைப் பயிற்சி செய்வதற்கான நேரம் இது இல்லை. உங்கள் கோபம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

படி 1: பொறாமையைப் பிரித்துப் போடுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன நோட்டு. போனில் எழுதலாம், ஆனால் துணை கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். மனம் சுருக்கென்று ஆகும்போதெல்லாம் நேரம், நடந்தது, எதைப் பொறுக்க முடியவில்லை என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். நான் மூன்று வாரம் எழுதினேன். அதில் ஒன்று:

"செவ்வாய், இரவு 9.40. போனைப் பார்த்துச் சிரித்தார். என்னவென்று நான் கேட்கவில்லை. எதைப் பொறுக்க முடியவில்லை? என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பதை."

எழுதிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் அந்த இன்னொருவருக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் இருவர் நடுவே உப்புச்சப்பில்லாமல் போன ஒன்றைப் பற்றியது அது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் நாங்கள் இருவர்தான்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் 'பொறாமை' என்ற ஒரே மூட்டைக்குள் பல சாமான்கள் கிடப்பது தெரியும். இழந்துவிடுவோமோ என்ற பயம் ஒன்று. அதற்கு மருந்து உறுதிமொழி, அதுவும் ஒருமுறை சொன்னால் போதாது. இன்னொன்று ஆசை: அவர்கள் மலையேறப் போனார்கள், எனக்கும் போக வேண்டும். இதற்கு மனப்பயிற்சி எதுவும் தேவையில்லை, கிளம்பிப் போனால் போதும். அவரைவிட நான் மட்டமோ என்ற ஒப்பீடு மூன்றாவது. இது பழைய காயம், பெரும்பாலும் துணையைச் சந்திப்பதற்கு முன்பே பட்டது. விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற தனிமை இன்னொன்று. சில நாள் வெறும் தூக்கமின்மை. என் நோட்டில் ஐந்தில் ஒரு குறிப்பாவது நான் சாப்பிடாமல் இருந்த இரவில் எழுதியது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் கலந்துவிடாதீர்கள்: நியாயமான புகார். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்கு வந்தால் நீங்கள் கோபப்படுவது பொறாமையால் இல்லை, கொடுத்த வாக்கு காற்றில் போனதால். அதைப் 'பொறாமை' என்று யார் முத்திரை குத்தினாலும் ஏற்காதீர்கள்.

பெயர் வைப்பதே ஒரு வைத்தியம் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அபாயமணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது.

படி 2: உங்கள் பங்கைக் கேட்டு வாங்குங்கள்

பசியோடு இருப்பவரிடம் போய் அடுத்தவர் சாப்பிடும் அழகை ரசி என்றால் நடக்காது. ஆகவே மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுமுன் உங்களுக்கு வர வேண்டியது வருகிறதா என்று பாருங்கள்.

எங்களுக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு மாலை எங்கள் இருவருக்கு மட்டும். போன் இரண்டும் அடுத்த அறையில். வீட்டு வேலையைச் சேர்ந்து செய்த நேரம் இந்தக் கணக்கில் வராது (முதல் மூன்று மாதம் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டு எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்). பொதுவான ஒரு காலண்டர். வெளியே போவதானால் குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவது. திரும்பும்போது "கிளம்பிட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "ராத்திரி அங்கே தங்கக் கூடாது" என்பது மூன்றாவது ஆள்மீது போடும் சட்டம். "தங்குவதானால் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு, நான் என் இரவைத் திட்டம் போட்டுக்கொள்வேன்" என்பது உங்கள் தேவை. முதலாவது ஏறக்குறைய எப்போதும் உடையும். நான் பிடிக்காது என்றால் நீ அவரை விட்டுவிட வேண்டும் என்ற 'வீட்டோ' அதிகாரத்தைச் சிலர் பாதுகாப்பு என்று நினைத்து வைத்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது தலையணைக்கடியில் கத்தி வைத்துக்கொண்டு படுப்பது மாதிரி. இருவருக்குமே தூக்கம் வராது.

உடல்நலத்தைப் பற்றிய பயம் இருந்தால் அதை நாசூக்குக்காக விழுங்காதீர்கள். ஆணுறை, பரிசோதனை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் ஆன்டிஜன் (கிருமியின் கூறு), ஆன்டிபாடி (அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் புரதம்) இரண்டுக்கும் சேர்த்துச் சோதித்தாலும், எச்ஐவி தொற்று தெரிய 18 முதல் 45 நாள் வரை ஆகலாம். புதிய உறவு தொடங்கிய மறுவாரமே சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இதைத் தேதி போட்டுக் காலண்டரில் எழுதிய பிறகு என் கவலையில் பெரும்பகுதி காணாமல் போயிற்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புதுக்காதலில் இருப்பவர் கொஞ்சகாலம் மிதந்துகொண்டுதான் இருப்பார். அந்த மயக்கம் சில மாதமோ ஓரிரு வருஷமோ இருந்துவிட்டுத் தணியும். உங்களோடும் ஒரு காலத்தில் இப்படித்தான் மிதந்தார். மிதப்பவர் பாத்திரம் துலக்கும் முறையைத் தவறவிட்டால் அதை மட்டும் விடாதீர்கள், கேளுங்கள்.

படி 3: எவ்வளவு தெரிய வேண்டும்?

எல்லாம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் துருவிக் கேட்டேன். தலைக்குள் ஒரு சினிமா ஓட ஆரம்பித்தது. சரி, எதுவுமே வேண்டாம் என்று காதைப் பொத்தினேன். கற்பனை அதைவிட மோசமான படத்தை எடுத்தது.

ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். கட்டாயம் தெரிய வேண்டியவை (யார், எப்போது, உடல்நல விஷயம், எங்கள் திட்டத்தை மாற்றும் எதுவும்), தெரிந்தால் நன்றாக இருக்கும் என்பவை, வேண்டவே வேண்டாம் என்பவை. எனக்கு எங்கே போனார்கள், என்ன பேசிச் சிரித்தார்கள் என்பது பிடிக்கும், படுக்கையறை வேண்டாம். மாதம் ஒருமுறை தாளைத் திருத்திக்கொள்ளலாம். அந்த இன்னொருவரின் அந்தரங்கம் உங்கள் துணையின் சொத்து இல்லை, அதனால் சிலவற்றைக் கேட்டாலும் கிடைக்காது. கிடைக்கக் கூடாது.

படி 4: நல்ல செய்தியைக் கேட்கப் பழகுங்கள்

இதுதான் நேரடிப் பயிற்சி. உளவியலாளர் ஷெல்லி கேபிளும் சக ஆய்வாளர்களும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணை நல்ல செய்தி சொல்லும்போது நாம் நான்கு வகையாக எதிர்வினை காட்டுகிறோம். ஆர்வத்தோடு உள்ளே போய்க் கேட்பது மட்டுமே உறவின் நெருக்கத்தோடு சேர்ந்து வருகிறது என்று கண்டார்கள். எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

"நேத்து அவங்க என்னைப் பாடச் சொன்னாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பாடினேன்" என்றார் இவர்.

"ம், நல்லது" என்று போனைப் பார்க்கலாம். "சாவி எங்க வெச்ச?" என்று பேச்சை மாற்றலாம். "தொண்டையே கட்டிக்கிட்டிருக்கு, அங்க போய்ப் பாடினியா?" என்று குத்தலாம். இந்த மூன்றையும் நான் ஒவ்வொரு நாள் செய்திருக்கிறேன். குத்துவதில் எனக்குக் கைராசி அதிகம்.

நான்காவது: "பாடும்போது எப்படி இருந்துச்சு?"

கேள்வி எதைப் பற்றி இருக்கிறது என்று பாருங்கள். அந்த இன்னொருவரைப் பற்றி இல்லை, உங்களவரைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்த, நீங்கள் நேசிக்கும் ஆளைப் பற்றி. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பிறகு இரண்டு நிமிஷம் குறுக்கிடாமல் இருங்கள். "முதல் வரி வரவே இல்ல. அப்புறம் வந்துடுச்சு" என்று அவர் சொன்னபோது எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. என்னிடம் பாடியது. நான் ஏன் பத்து வருஷமாகக் கேட்கவே இல்லை என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது.

காதல் செய்தியில் ஆரம்பிக்காதீர்கள், எடை அதிகம். வேலையில் கிடைத்த பாராட்டு, பழைய நண்பர் அழைத்தது என்று சின்னதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்துபோனது, பிறகு ஒரு பயணம். கூசினால் ஒரு படி இறங்கிவிடலாம், யாரும் மார்க் போடவில்லை.

படி 5: முதல் தனிமை இரவு

இதற்குத் திட்டம் வேண்டும். "சும்மா இருந்துக்கறேன்" என்று சொல்பவர்கள்தான் இரவு இரண்டு மணிக்கு எட்டுச் செய்தி அனுப்புவார்கள். நான் பதினொன்று அனுப்பினேன்.

அவர் கிளம்பும் நேரத்துக்கு நீங்களும் வெளியே இருப்பது நல்லது. கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்க வேண்டியதில்லை. கையும் மூளையும் இரண்டும் வேலை செய்கிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: நீந்துவது, தைப்பது, ஒரு அலமாரியை முழுக்கக் காலி செய்து அடுக்குவது. விஷயம் தெரிந்த ஒரு தோழியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் துணையைத் திட்டிக் குளிர்காயும் தோழியாக இல்லாமல், கேட்கத் தெரிந்தவராக இருக்கட்டும். அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கங்களைத் திறக்க வேண்டாம். 'கடைசியாக ஆன்லைனில்' வந்த நேரத்தையும்.

அலை வந்தால் வரட்டும். படுத்துக்கொண்டு எங்கே பிடிக்கிறது என்று உடம்பில் தேடுங்கள்: தொண்டை, நெஞ்சு, வயிறு. அதோடு சண்டை போடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கும். நோட்டில் எழுதுங்கள், செய்தியாக அனுப்பாதீர்கள். அவர் திரும்பி வந்ததும் முதல் அரைமணி நேரம் விசாரணை இல்லாமல் சும்மா சேர்ந்திருப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

படி 6: அந்த இன்னொருவரைச் சந்திப்பது

துணையின் துணையை 'மெட்டமோர்' என்கிறார்கள். தமிழில் தேடினால் நமக்குக் கிடைப்பது சக்களத்தி. அந்தச் சொல்லைக் கேட்டாலே குழாயடிச் சண்டை ஞாபகம் வருகிறது. ஆணுக்கு அப்படி ஒரு சொல்கூட இல்லை. ஆணின் பெருமை அதை யோசிக்கவே இடம் கொடுக்கவில்லை போலும். சொல் இல்லாததால் உறவும் இல்லை என்று ஆகிவிடாது. நாங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

சந்தித்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் குடும்பங்களும் உண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இணையாக ஓடும் உறவுகளும் உண்டு. ஆனால் கற்பனையில் இருக்கும் ஆள் பெரும்பாலும் நிஜ ஆளைவிட உயரமாகவும் அழகாகவும் இருப்பார். நேரில் பார்த்தால் அவருக்கும் கை வியர்த்திருக்கும். வீட்டில் வேண்டாம், பொது இடம். ஒரு மணி நேரம், முடியும் நேரம் முன்பே முடிவு. துணை இருவர் பக்கமும் மாறி மாறிப் பார்த்துத் திணறுவார், விடுங்கள். உறவைப் பற்றிப் பேச வேண்டாம். அவருக்குப் பிடித்த வேலை என்ன என்று கேளுங்கள்.

உங்கள் துணைக்கு ஒரு வார்த்தை

இந்தப் பகுதியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "நீ இன்னும் பக்குவப்படல", "நிஜமா நேசிச்சா சந்தோஷப்படுவே" என்ற வசனங்களை எடுக்கவே கூடாது. மகிழ்ச்சியைக் கடன் வசூலிப்பதுபோல் கேட்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது சொன்ன நேரத்துக்கு வருவது, மறைக்காமல் இருப்பது, வீட்டில் இருக்கும்போது முழுதாக இருப்பது. என் மனம் இளகியதற்கு நான் செய்த பயிற்சிகளைவிட அவர் ஒரு வருஷம் தவறாமல் அனுப்பிய "கிளம்பிட்டேன்" அதிகக் காரணம் என்று நினைக்கிறேன்.

வராவிட்டால்?

வராமலும் போகலாம். பாலியமரியில் பல ஆண்டுகளாக நிம்மதியாக இருப்பவர்களில் இந்த மகிழ்ச்சியை ஒருநாளும் உணராதவர்கள் உண்டு. அவர்களுக்கு உபேட்சை வாய்த்திருக்கிறது, அதாவது சமநிலை. "அவர் போனால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, புத்தகம் படிப்பேன்" என்பதும் நல்ல வாழ்க்கைதான். வராத சிரிப்பை வரவழைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. ஒருநாள் அது மொத்தமாக வெடிக்கும்.

மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, எடை குறைந்துகொண்டே போனால் அது வேறு விஷயம். இப்படிப்பட்ட உறவுகளைக் கேவலமாகப் பார்க்காத மனநல ஆலோசகரைத் தேடுங்கள். எனக்கு இது ஒத்துவராது என்று முடிவெடுப்பதிலும் தோல்வி எதுவும் இல்லை.

வரும்போது எப்படி இருக்கும்?

பெரிய பேரானந்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். 2021இல் ஷாரன் ஃப்ளிக்கர் குழுவினர் இந்த உணர்வை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தபோது அது மூன்று இழைகளாகப் பிரிந்தது: இருவரின் உறவைக் கண்டு வரும் மகிழ்ச்சி, புதிதாக ஒருவர் கிடைத்ததில் வரும் உற்சாகம், பாலியல் கிளர்ச்சி. மூன்றும் எல்லோருக்கும் வர வேண்டியதில்லை. எனக்கு முதலாவது மட்டும்தான், அதுவும் பக்கவாட்டில் வந்தது.

இவர் மூக்குக்கண்ணாடியை எப்போதும் லென்ஸ் தரையில் படக் கவிழ்த்துத்தான் வைப்பார். கீறல் விழும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒருநாள் அதை அங்கே மறந்துவிட்டு வந்தார். மறுநாள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தது. திறந்தால் லென்ஸ் இரண்டும் பளிச்சென்று துடைத்து, மெல்லிய துணியில் சுற்றி, மேல்நோக்கி வைத்திருந்தது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இந்த மனிதரை இந்த அளவுக்குக் கவனித்த இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறார்.

அன்று மாலை முதல்முறையாக நானே அவருக்குச் செய்தி அனுப்பினேன். "கண்ணாடிக்கு நன்றி."

"எப்பவும் கவுத்துத்தான் வெக்கிறார், கவனிச்சீங்களா?" என்று பதில் வந்தது.

"பன்னிரண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்று எழுதினேன்.